இடி, ஈரம், பல்லி: வரவேற்பறைத் தியேட்டரைக் காப்பாற்றும் வழி

போன ஏப்ரலில் ஒரு பிற்பகல். சிங்கப்பூரின் தெம்பனிசில் மழை இன்னும் தொடங்கவில்லை, வானம் மட்டும் கறுத்துக் கிடந்தது. நான் அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு மின்னல், அதைத் தொட்டுக்கொண்டே இடி. வரவேற்பறையிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. விளக்கு அணையவில்லை, மின்விசிறி நிற்கவில்லை. டிவியைப் போட்டேன், அதுவும் வந்தது. ஆனால் ரிசீவரிலிருந்து, அதாவது படத்தை டிவிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் பெட்டியிலிருந்து, படம் வரவில்லை. படமும் ஒலியும் ஒரே கம்பியில் வந்து சேரும் ஹெச்டிஎம்ஐ துளைகள் டிவியில் மூன்று, மூன்றும் செத்துப்போயிருந்தன. ரிசீவரின் ஹெச்டிஎம்ஐ பலகையும் கூடவே போய்விட்டது.

இரண்டு கருவிகளும் சர்ஜ் தடுப்பு, அதாவது திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் வசதி, உள்ள நீட்டிப்புப் பலகையில்தான் இருந்தன. அந்தப் பலகையின் பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. மின்னழுத்தம் வந்த வழி வேறு: சுவரிலிருந்து டிவிக்குப் போகும் ஆன்டெனா கம்பி. புளோக்கின் கூரையில் இருக்கும் பொது ஆன்டெனாவிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இறங்கும் செம்புக் கம்பி அது. பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தபோது அந்தக் கம்பியில் ஏறிய அழுத்தம் டிவிக்குள் நுழைந்து, ஹெச்டிஎம்ஐ கம்பி வழியாக ரிசீவருக்குள் போய், அங்கிருந்து தரைக்கு இறங்க வழி தேடியிருக்கிறது. ஹெச்டிஎம்ஐ சில்லுகள் ஐந்து வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் வேலை செய்பவை. அவற்றால் இதைத் தாங்க முடியாது.

ஜாலான் புசார் பக்கம் ஒரு பட்டறையில் 26 ஆண்டுகள் ஒலிக்கருவிகளைப் பழுதுபார்த்தவன் நான். இடி வருமுன் கம்பிகளைப் பிடுங்குங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் ஓயாமல் சொன்னதை என் வீட்டிலேயே அன்று செய்யத் தவறிவிட்டேன். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு கருவிக்குக் கெடுதலாக வருவதில் பெரும்பகுதி கம்பி வழியாகத்தான் வரும். கெட்டுவிட்டது என்று நாம் நினைக்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு இருப்பதும் கம்பியில்தான். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கம்பிகளை எண்ணுங்கள்

இன்று மாலையே ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு டிவி அலமாரிக்குப் பின்னால் போங்கள். வெளியிலிருந்து உங்கள் கருவிகளுக்குள் வரும் கம்பிகள் எத்தனை என்று எண்ணுங்கள். மின்சாரம், ஆன்டெனா, ரௌட்டரிலிருந்து டிவிக்கு வரும் நெட்வொர்க் கம்பி, சில வீடுகளில் பழைய கேபிள் டிவியின் கம்பி. சிங்கப்பூரில் கேபிள் டிவி சேவை 2019ஆம் ஆண்டோடு நின்றுபோய் எல்லாம் ஃபைபருக்கு மாறிவிட்டது. ஆனால் அந்தப் பழைய கம்பி பல வீடுகளில் இன்னும் கருவியின் பின்னால் சொருகியபடியே இருக்கிறது. பயனில்லாத கம்பியைக் கழற்றிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது. அந்த வகையில் நமக்கு நல்லதுதான். ஆனால் ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் மின்சாரம் சுவரிலிருந்துதான் வருகிறது. ரௌட்டரிலிருந்து டிவிக்கு வரும் நெட்வொர்க் கம்பி செம்பு. அதையும் எண்ணிக்கையில் சேருங்கள். முடிந்தால் டிவியை வைஃபையில் இணைத்துவிட்டு அந்தக் கம்பியை எடுத்துவிடுங்கள்.

நம் தீவில் ஆண்டுக்குச் சராசரியாக 160 நாட்களுக்கும் மேல் இடி இடிக்கிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம். இடையே விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து புயல்வரிசை வரும். அது மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால், கைப்பேசியில் மழைப் படத்தைப் பார்த்து, துவாஸ் பக்கம் சிவப்பாகத் தெரிந்தால் கிழக்கே இருக்கும் எங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. பிற்பகல் இடி அப்படியல்ல, நம் தலைக்கு மேலேயே உருவாகும். வானம் கறுக்கும்போதே கிளம்பிவிட வேண்டும்.

கிளம்பி என்ன செய்வது? பிளக்கைப் பிடுங்குங்கள். சுவர் சுவிட்சை அணைத்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. வீட்டுச் சுவிட்சுகளில் பல ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும், மற்றக் கம்பியும் எர்த் எனப்படும் தரைக்கம்பியும் கருவியோடு சேர்ந்தேதான் இருக்கும். சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி மின்னலுக்கு ஒரு தடையே அல்ல. பிளக்கைப் பிடுங்கி, ஆன்டெனாவையும் பிடுங்கி, இரண்டையும் ஒன்றோடொன்று தொடாமல் தள்ளி வையுங்கள். மின்னல் அடித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யவேண்டாம். அந்த நேரத்தில் கம்பியைத் தொடுவது உங்களுக்கே ஆபத்து. தாமதமாகிவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள், பெட்டி போனால் போகட்டும்.

நான் இப்போது இரண்டு பிளக்கையும் ஆன்டெனா முனையையும் அலமாரிக்குப் பின்னாலிருந்து முன்பக்கம் எட்டும்படி கொண்டுவந்துவிட்டேன். ஆன்டெனாவுக்கு ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பி போட்டேன். கைக்கு எட்டாத பிளக்கை எவரும் பிடுங்கமாட்டார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டினால் எழுபது வயது மாமியாரும் பிடுங்கிவிடுவார்.

சர்ஜ் தடுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அவசியம். அதற்குள்ளே காசு அளவில் ஒரு வில்லை இருக்கும், வேரிஸ்டர் என்பார்கள். 230 வோல்ட்டில் அது சும்மா இருக்கும். அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும் நொடியில் அது வழிவிட்டு, மிகுதியைத் தரைக்குத் திருப்பிவிடும். இதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, தரைக்கம்பி இல்லாவிட்டால் அதற்குத் திருப்பிவிட இடமில்லை. இரண்டு, ஒவ்வோர் அடிக்கும் அந்த வில்லை கொஞ்சம் தேயும். அதனால்தான் பாதுகாப்பு விளக்கு என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த விளக்கு அணைந்துவிட்டால் பலகை மின்சாரம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் தடுப்புச் செத்துவிட்டது. மாற்றிவிடுங்கள். ஆன்டெனா கம்பியும் அதன் வழியாகவே போய்வரும் வசதியுள்ள பலகையாக வாங்குவது நல்லது. என் வீட்டில் அது இருந்திருந்தால் அந்த ஏப்ரல் வேறு மாதிரி முடிந்திருக்கலாம். வீட்டு மின்பெட்டியிலேயே பொருத்தும் சர்ஜ் தடுப்பும் உண்டு. அதை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் பொருத்த வேண்டும். அது சட்டம், நீங்களாகப் பெட்டியைத் திறக்கவேண்டாம்.

சாக்கெட்டில் நடக்கும் தவறுகள்

நான் அதிகம் பார்த்து வருந்தியது இது: இரண்டு முள் உள்ள வெளிநாட்டு பிளக்கை, தரைக்கம்பித் துளையில் பேனாவையோ குச்சியையோ விட்டுத் திறந்து, மூன்று முள் சாக்கெட்டில் திணிப்பது. பிடிமானம் இருக்காது. தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும். தரைக்கம்பி தேவைப்படும் கருவியாக இருந்தால் அந்த இணைப்பும் கிடையாது. ஓர் அடாப்டர் வாங்குங்கள். அதில் சேஃப்டி மார்க் முத்திரையும் அதன் பக்கத்தில் எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் மூன்று முள் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. 13 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 3000 வாட் வரை விடும். டிவிக்கும் புளூரே பெட்டிக்கும் 3 ஆம்பியர் ஃபியூஸே போதும், அது 700 வாட் வரை தாங்கும். போட்டதும் பிளக் ஃபியூஸ் போய்விடுகிறது என்றால் பெரிய ஃபியூஸ் போட்டு அடக்காதீர்கள். ஃபியூஸ் ஏதோ சொல்ல வருகிறது. ஒன்று மட்டும் விதிவிலக்கு: பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையர், போடும் நொடியில் மட்டும் நிறைய மின்சாரம் இழுக்கும். அதற்குத் தயாரிப்பாளர் சொன்ன ஃபியூஸையே போடுங்கள்.

ஒரு நீட்டிப்பில் இன்னொரு நீட்டிப்பைச் சொருகவேண்டாம். தியேட்டர் கருவிகள் இருக்கும் பலகையில் ஏர் ஃபிரையரையோ கெட்டிலையோ போடவேண்டாம்.

அப்புறம், ஜப்பானிலிருந்து ஆசையாக வாங்கிவரும் பழைய ஆம்ப்ளிஃபையர்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, இங்கே 230. பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் சொருகினால் புகைதான் வரும். அப்படிப் புகைந்த ஆம்ப்ளிஃபையரை மடியில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இறக்குமாற்றி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது கருவியின் வாட் அளவைவிடக் கணிசமாகக் கூடுதலான திறனில் வாங்குங்கள். 110 வோல்ட்டுக்கும் 100 வோல்ட்டுக்கும் வித்தியாசம் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். ஜோகூரிலிருந்து கொண்டுவரும் பொருளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அங்கேயும் இதே மின்சாரம், இதே பிளக்.

வெப்பம், ஈரம், புகை

ரிசீவரின் முதல் எதிரி மின்னல் அல்ல, அதன் மேல் வைக்கும் பொருள்தான். சாதாரண ரிசீவர், தான் இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பெரும்பங்கை வெப்பமாக விடுகிறது. மேலே குறைந்தது பத்து சென்டிமீட்டர் காற்றுக்கு இடம் வேண்டும். அதன் தலையில் செட்டாப் பாக்ஸையோ தொலைபேசியையோ பின்னல் விரிப்பையோ வைக்காதீர்கள். பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் அதற்கும் வேறு இடம் பாருங்கள். உள்ளே கபாசிட்டர்கள் இருக்கின்றன, திரவம் நிரம்பிய சின்ன அலுமினியக் குப்பிகள். பத்து டிகிரி வெப்பம் கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழகிய கணக்கு. கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் ரிசீவர் இருந்தால், கேட்கும் நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள்.

ஈரப்பதம் நம் ஊரில் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். ஈரம் உலோக முனைகளைக் கறுக்க வைக்கும், ப்ரொஜெக்டர் லென்சில் பூஞ்சை வளர்க்கும். ஸ்பீக்கரில் அது காட்டும் வேலை இன்னும் மோசம். கூம்பைச் சுற்றி நுரையால் செய்த வளையம் இருக்குமே, அது சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, தொட்டால் பொடியாக உதிரும். என் அப்பா எண்பதுகளில் வாங்கிய ஸ்பீக்கர் ஜோடிக்கு அப்படித்தான் ஆனது. சரியான அளவில் வளையம் வாங்கி, பழையதைச் சுரண்டி எடுத்து, புதியதை ஒட்டினேன். இன்றும் ஒலி 96.8 வானொலி அதில்தான் பாடுகிறது. நுரை கிழிந்தால் ஸ்பீக்கரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் ரப்பர் வளையம் உள்ளதைப் பார்த்து வாங்கினால் இந்தக் கவலை குறைவு.

ஈரத்துக்கு மிக எளிய மருந்து, கருவியைப் பயன்படுத்துவது. வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் அந்தச் சூட்டில் போய்விடும். ஆறு மாதம் மூடி வைத்த கருவிதான் பட்டறைக்கு அதிகம் வரும். ஏர்கான் போட்டுக் குளிர்ந்த அறையிலிருந்து ப்ரொஜெக்டரை வெளியே எடுத்தால் உடனே போடாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்திருக்கும். ஒரு மணி நேரம் போகட்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்று சாமி மேடை. நாலறை வீட்டில் சாமி மேடையும் டிவியும் ஒரே சுவரில் அமைந்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையை ரிசீவரின் மேல்துளைகளும் ப்ரொஜெக்டரின் விசிறியும் இழுத்துக்கொள்ளும். புகைப் படலத்தில் தூசி ஒட்டி, உள்ளே கம்பளி போல ஒரு போர்வை உருவாகும். சாம்பிராணியை நிறுத்தச் சொல்ல நான் யார்? அந்த அரை மணி நேரம் கருவிகளை அணைத்து, மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டுவையுங்கள். புகை அடங்கியதும் துணியை மறக்காமல் எடுத்துவிட்டுத்தான் கருவியைப் போட வேண்டும். புகைமூட்டக் காலத்திலும் இதே கவனம் வேண்டும். 2013 ஜூனில் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்ட அந்த வாரத்துக்குப் பிறகு நான் திறந்த ப்ரொஜெக்டர் வடிகட்டிகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் அடைத்துப் போயிருந்தன.

தூசி எடுப்பது இப்படி: பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விடுங்கள். புதிய பெயின்ட் பிரஷ் ஒன்றால் மேல்துளைகளை மெதுவாகத் தட்டி, வேக்குவம் குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து இழுங்கள். விசிறி இருந்தால் அதைச் சுழலவிடாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத் துணி வேண்டாம். டிவித் திரைக்குச் சுத்தமான மைக்ரோஃபைபர் துணி மட்டும் போதும், கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகத் திரையில் அடித்தால் அது கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

பல்லியைச் சொல்லாமல் விட முடியாது. ரிசீவர் இரவெல்லாம் காத்திருப்பு நிலையில் இளஞ்சூடாக இருக்கும். பல்லிக்கும் எறும்புக்கும் கரப்பானுக்கும் அதுதான் மெத்தை. ஒரு கருவியைத் திறந்தபோது மின்வழங்கிப் பலகையின் இரண்டு முனைகளுக்கு நடுவே காய்ந்துபோன ஒரு சின்னப் பல்லி கிடந்தது. அதன் உடல் வழியாக மின்சாரம் பாய்ந்து, பலகையில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. டிவி அலமாரியில் முறுக்குத் துகள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எறும்பு வந்தால் பல்லி வரும். பின்பக்கம் கம்பிக்காக வெட்டிய ஓட்டையைச் சுற்றிச் சுத்தமாக வைத்திருங்கள். காற்றுத் துளையை மட்டும் எதைக் கொண்டும் அடைக்காதீர்கள், பூச்சிக்கொல்லியை உள்ளே அடிக்கவும் வேண்டாம்.

ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். திரையின் மூலையில் நாள் முழுதும் ஒரே ஒளிவழியின் சின்னம் நின்றுகொண்டிருந்தால், காலப்போக்கில் அதன் நிழல் திரையில் தங்கிவிடும். இதைத் தடுக்க, சில மணி நேரம் பார்த்த பிறகு ரிமோட்டில் அணைக்கும்போது டிவி தானாகவே சில நிமிடங்கள் திரையைச் சீர்செய்துகொள்ளும். என் மாமியார் இரவு படுக்கப்போகுமுன் வீட்டின் எல்லாச் சுவர் சுவிட்சுகளையும் அணைப்பவர். சிக்கனமான தலைமுறை. “அத்தை, முதல்ல ரிமோட்ல அணைச்சிடுங்க, கால் மணி நேரம் கழிச்சு சுவிட்சை அணைங்க” என்று கேட்டுக்கொண்டேன். இப்போது ரிமோட்டில் அணைத்துவிட்டுப் பல் துலக்கப் போகிறார், வந்து சுவிட்சை அணைக்கிறார்.

கெட்டுவிட்டதா? ஒரு கம்பியாகக் கழற்றுங்கள்

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. கீழ்மாடித் தம்பி ஒருவர் கதவைத் தட்டினார். “அங்கிள், ரிசீவர் போச்சு. ஆன் பண்ணா ரெண்டு செகண்ட்ல டிக்குன்னு அணையுது, சிவப்பு லைட் மின்னுது. நாளைக்குப் புதுசு வாங்கிடலாமான்னு பாக்குறேன்.” வாங்கவேண்டாம், நில்லுங்கள் என்று டார்ச்சோடு போனேன்.

பிளக்கைப் பிடுங்கினோம். பின்பக்கம் மண்டியிட்டு, ஸ்பீக்கர் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றினோம். பிறகு ஸ்பீக்கரே இல்லாமல் ரிசீவரைப் போட்டோம். அணையாமல் நின்றது. தம்பியின் முகம் அப்போதே தெளிந்துவிட்டது. பெட்டி நன்றாக இருக்கிறது, கோளாறு வெளியே. கழற்றிய கம்பி முனைகளை ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். இடது ஸ்பீக்கரின் சிவப்பு முனையில், முறுக்கிலிருந்து பிரிந்த ஓர் இழை, தலைமுடி அளவு மெல்லிய செம்பு, வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது பக்கத்துக் கறுப்பு முனையைத் தொட்டிருக்கிறது. ரிசீவர் அதைக் குறுக்குத்தொடர்பு (ஷார்ட் சர்க்யூட்) என்று கண்டு, தன்னைக் காத்துக்கொள்ள அணைந்திருக்கிறது. முனையை வெட்டி, புதிதாக ஒரு சென்டிமீட்டர் உரித்து, இழைகளை இறுக்கமாக முறுக்கிச் சொருகினோம். வேலை முடிந்தது.

இதையே முறையாக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். அணையாமல் நின்றால், ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் அணைகிறதோ அங்கே கோளாறு. ஸ்பீக்கரே இல்லாமலும் அணைந்தால் கோளாறு உள்ளே, பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். இருபது வெள்ளிக்குள் ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். ஸ்பீக்கரை ரிசீவரிலிருந்து கழற்றி அதன் முனைகளில் ஓம் அளவு பாருங்கள்: 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 காட்டும், அது சரிதான். ஒன்றும் காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சுழிக்குப் பக்கத்தில் காட்டினால் குறுக்குத்தொடர்பு.

ஒரு ஸ்பீக்கர் மட்டும் பேசவில்லையா? ரிசீவரை அணைத்து, பின்பக்கம் இடது வலது கம்பிகளை மாற்றிச் சொருகுங்கள். மௌனம் இடம் மாறாமல் அதே ஸ்பீக்கரிலேயே இருந்தால் கோளாறு அந்த ஸ்பீக்கரிலோ அதன் கம்பியிலோ. மௌனம் மறுபக்க ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு ரிசீவரிலோ, அதற்கு ஒலி அனுப்பும் கருவியிலோ. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அவசரத்தில் மூன்றை மாற்றினால், சரியான பிறகும் எது காரணம் என்று தெரியாது, அடுத்த வாரம் திரும்ப வரும்.

ஒலி வருகிறது, ஆனால் பேஸ் வெறுமையாக இருக்கிறது, பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கிறது என்றால் ஒரு ஸ்பீக்கரின் சிவப்பும் கறுப்பும் தலைகீழாக இருக்கிறது. கம்பியை ரிசீவர் பக்கம் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்புக் கம்பியிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். பெரிய கூம்பு ‘டப்’ என்று வெளியே தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் தலைகீழ்.

தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத ரீங்காரம் வருகிறதா? அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். சப்வூஃபருக்குப் போகும் ஒலிக்கம்பியைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நிற்காவிட்டால் சப்வூஃபருக்குள்ளேயே கோளாறு. நின்றால், கம்பியைத் திரும்பச் சொருகிவிட்டு டிவியின் ஆன்டெனாவைப் பிடுங்குங்கள். பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். கருவிகள் இரண்டு இடத்தில் தரையோடு சேர்ந்திருப்பதால் வரும் சுற்று அது. ஆன்டெனா கம்பியில் பொருத்தி அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சிம் லிம் டவர் பக்கம் கேட்டால் கிடைக்கும், பிரச்சினை தீர்ந்துவிடும். ரீங்காரத்தை நிறுத்த பிளக்கின் தரைக்கம்பியை அறுத்துவிடும் வழக்கம் ஒன்று உண்டு. கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். அந்தக் கம்பி மனித உயிருக்காக இருக்கிறது.

ஹெச்டிஎம்ஐ தகராறு தனி உலகம். படம் வந்து வந்து போகும், இல்லையேல் படம் இருக்கும் ஒலி இருக்காது. கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் கேட்டுக் கைகுலுக்கும்போது நடக்கும் குழப்பம்தான் பாதி. எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு முதலில் டிவி, அடுத்து ரிசீவர், கடைசியாகப் படம் அனுப்பும் பெட்டி என்று போடுங்கள். டிவியின் ஒலி ரிசீவருக்கு வர வேண்டுமானால், இரண்டிலும் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளையில்தான் சொருக வேண்டும், பல டிவிகளில் கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி அமைப்பையும் இயக்கியிருக்க வேண்டும். சிஇசிக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால் அமைப்புப் பட்டியலில் தேட வேண்டியிருக்கும். 4கே படம் மட்டும் சிமிட்டுகிறது, சாதாரணப் படம் நன்றாக வருகிறது என்றால் கம்பியைச் சந்தேகியுங்கள். குறுகலான அலமாரியில் கம்பியைக் கூர்மையாக மடக்குவது அதன் ஆயுளைக் குறைக்கும்.

ரிமோட் வேலை செய்யவில்லையா? கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்துங்கள். முனையில் ஊதா ஒளி தெரிந்தால் ரிமோட் நலம். தெரியாவிட்டால் பேட்டரிப் பகுதியைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் காதுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, புதுப் பேட்டரி போடுங்கள்.

வீட்டு மின்பெட்டியில் கசிவு தடுப்பான் விழுந்துகொண்டே இருக்கிறதா? அது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி அமைத்தது. எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, அதை ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். இங்கேயும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, காரணம் முன்பு சொன்னதுதான். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதைத் தனியே வையுங்கள். எதையும் சொருகாமலே விழுந்தால் அது வீட்டுக் கம்பியின் கோளாறு, மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

எங்கே நிறுத்துவது

கருகிய வாடை, உள்ளே படபடவென்று பொரியும் சத்தம், உப்பிய மேற்பகுதி, தொட முடியாத சூடு. இவற்றில் ஒன்று இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருகைக் கழற்றி உள்ளே பார்க்க ஆசை வரும். வேண்டாம். 230 வோல்ட்டை நேர்மின்னாக மாற்றும் இடத்தில் 325 வோல்ட் அளவுக்கு ஏறும், பெரிய கபாசிட்டர்கள் அதைப் பிளக் பிடுங்கிய பிறகும் வைத்திருக்கும். பழகிய நானே அந்த முனைகளை அளந்து பார்க்காமல் கை வைத்ததில்லை.

பட்டறைக்குக் கொண்டுபோகுமுன் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் சின்ன ஒட்டுத்தாள் சுற்றி, எந்தத் துளை என்று எழுதுங்கள். ஒரு தாளில் நடந்ததை வரிசையாக எழுதிக் கருவியோடு கொடுங்கள்: எப்போது தொடங்கியது, இடி இடித்ததா, எந்த விளக்கு மின்னியது, ஸ்பீக்கர் இல்லாமல் போட்டபோது என்ன ஆனது. “போடமாட்டேங்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அந்தத் தகவலைத் திரும்பக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் கட்டணம் கொடுப்பீர்கள். ரிமோட்டையும் கூடவே கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். நல்ல பழுதுபார்ப்பவர் அதை ஒரு பையில் போட்டு, எங்கே கருகியது என்று விரலால் காட்டியே கொடுப்பார்.